முடிவையும் சேர்த்துக் கொடுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பலில்தான் வந்து நிற்கின்றன: “எல்லாவற்றையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது.” கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, வார்டு சிஸ்டராகி, நர்சிங் சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவள் நான். வேலையை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது எங்கள் தொழிலில் ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் நடக்கிற காரியம். அதனால் இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சிஸ்டர், தக்கலையில் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுக்கிறேன். என்னிடம் 18 பேர். அதில் ஐந்தாறு பேர் ஆரம்பத்திலிருந்தே கூட இருப்பவர்கள். ஆனாலும் உப்பு போதுமா, தேங்காய் போதுமா, எத்தனை இலை போட என்று எல்லாவற்றுக்கும் என்னையே கூப்பிடுகிறார்கள். ஆவணியிலும் தையிலும் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் வந்தால் ஒன்றை வேண்டாம் என்று விட வேண்டியதாகிறது. நான் இல்லாத ஆக்குப்புரையில் வேலை நடக்க என்ன வழி?

தம்பி, உங்கள் ஆட்கள் தெரியாமல் கேட்கவில்லை. இத்தனை வருடம் அவியல் வைத்தவருக்கு உப்பு எவ்வளவு என்று தெரியாதா? உங்களைக் கேட்டுப் போட்டால், பிசகினால் தப்பு உங்களுடையது. கேட்காமல் போட்டால் தப்பு அவருடையது. பிறகு ஏன் கேட்காமல் இருப்பார்?

நீங்கள் வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறீர்கள், முடிவுகளை எல்லாம் உங்களிடமே வைத்திருக்கிறீர்கள். காய் நறுக்க ஒருவர், தேங்காய் திருவ ஒருவர், அடுப்பு பார்க்க ஒருவர். இப்படித் துண்டு போட்டால் எரிசேரி யாருடையது? யாருடையதும் இல்லை.

முழு வேலையாகக் கொடுங்கள். இனிப்பிலிருந்து தொடங்கலாம். அடைப் பிரதமன், சிறுபயறு பாயசம், போளி, போளிக்கு ஊற்றுகிற பால் பாயசம், எல்லாம் ஒரே ஆளுடையது. இத்தனை இலைக்கு எத்தனை தேங்காய், எத்தனை கிலோ வெல்லம் என்று கணக்குப் போடுவது அவர். வடசேரிச் சந்தையில் பார்த்து வாங்குவது அவர். வார்ப்பை எப்போது அடுப்பில் ஏற்றுவது, உதவிக்கு யாரை நிறுத்துவது என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். கடைசிப் பந்திக்குப் பாயசம் எட்டாமல் போனாலும், அரை வார்ப்பு மிஞ்சினாலும் அவர் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டாருக்குப் பதில் சொல்வது மட்டும் எப்போதும் நீங்கள்தான். வார்டில் ஒரு வேலையை ஜூனியரிடம் கொடுத்த பிறகும் அந்த நோயாளிக்கு வார்டு சிஸ்டர் பொறுப்புதான். ஒருவரிடம் ஒப்படைத்தாயிற்று என்பதற்காக நம் பொறுப்பு போய்விடுவதில்லை. “அவன்தான் பார்த்தான், எனக்குத் தெரியாது” என்று பெண்ணின் அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். உங்கள் ஆள் காதில் அது விழுந்தால் அப்புறம் அவர் எந்தப் பொறுப்பையும் வாங்கமாட்டார்.

எல்லையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எத்தனை ரூபாய் வரை கேட்காமல் செலவு செய்யலாம்? எதற்கெல்லாம் எந்த நேரமானாலும் போன் பண்ண வேண்டும்? சொன்னதைவிட 50 இலை கூடிவிட்டால் கூப்பிட வேண்டும். காஸ் நின்றுவிட்டால், யாருக்காவது தீக்காயம் பட்டால், சாப்பிட்டவர் யாராவது வாந்தி எடுத்தால் கூப்பிட வேண்டும். உப்புக்குக் கூப்பிடக் கூடாது. இதை எல்லோரும் இருக்கும்போது சொல்லுங்கள். ஒருவரிடம் தனியாகச் சொன்னால் மற்றவர்கள் அவர் பேச்சைக் கேட்கமாட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் பழக்கத்தில் போன் வரும். அதற்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. நர்ஸ் இரவு 2 மணிக்கு டியூட்டி டாக்டரை எழுப்பினால், “சார், பேஷண்டுக்கு ஒரு மாதிரி இருக்கு, வாங்க” என்று சொல்லக் கூடாது. இப்போது என்ன நடக்கிறது, இதற்கு முன்னால் என்ன நிலை, நான் என்ன நினைக்கிறேன், என்ன செய்யலாம் என்கிறேன். இந்த நான்கையும் அதே வரிசையில் சொல்ல வேண்டும். இதற்கு எஸ்பார் என்று பெயர். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழக்கத்தில் இருந்தது, பிறகு ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. நான்காவது பகுதிதான் முக்கியம். புதிதாகச் சேர்ந்த பெண்கள் முதல் மூன்றையும் அழகாகச் சொல்வார்கள். “நீ என்ன செய்யலாம்ங்கிற?” என்று கேட்டால் வாயடைத்து நிற்பார்கள். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் கொஞ்ச நாளில் போனை எடுக்கும் முன்பே யோசித்துவிட்டு வருவார்கள். அதற்கும் பிறகு பாதி விஷயத்துக்குப் போனே வராது. நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். “தேங்காய் பத்தாது போலிருக்கு” என்றால், “சரி, என்ன பண்ணலாம்?” என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதில் ஆபத்து இல்லாவிட்டால், உங்கள் வழி அதைவிட நல்ல வழியாகவே இருந்தாலும், அவர் வழியிலேயே விடுங்கள்.

அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடலாமா என்றால், கூடாது. நோயாளிக்கு ரத்தம் ஏற்றும்போது பையில் இருக்கும் எண்ணையும் வகையையும் இரண்டு பேர் சேர்ந்து சரிபார்ப்போம். ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடம் நர்ஸ் படுக்கையை விட்டு நகரமாட்டார். சேராத ரத்தமாக இருந்தால் அந்த நேரத்திலேயே பெரும்பாலும் தெரியத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு குறித்த இடைவெளியில் வந்து பார்த்தால் போதும். உங்கள் தொழிலிலும் அந்த மாதிரி இடங்கள் இருக்கின்றன. முந்தின நாள் சரக்குப் பட்டியல் ஒன்று. எத்தனை படி அரிசி உலையில் போடுவது என்பது இன்னொன்று. முதல் பந்திக்கு முன் ருசி பார்ப்பது மற்றொன்று. இந்த நேரங்களில் நீங்கள் இருங்கள், இரண்டாவது கல்யாணமாக இருந்தால் போனிலாவது இருங்கள். நடுவில் உள்ள நேரம் அவர்களுடையது.

ருசி பார்ப்பதில் ஒரு எச்சரிக்கை. சட்டுவத்தில் எடுத்துக் கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு, நீங்களே ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். உப்பு குறைவு என்று அந்த ஆளிடம் சொல்லுங்கள், அவர் போடட்டும். பத்துப் பேர் பார்க்க முதலாளி கை வார்ப்புக்குள் போனால் அன்றோடு அந்தச் சாம்பார் மறுபடி உங்களுடையதாகிவிடும்.

ஆயிரம் இலைக் கல்யாணத்தில் இதைத் தொடங்க வேண்டாம். ஒரு பால்காய்ப்பு, ஒரு காதுகுத்து என்று 100, 150 இலை வரும் விசேஷத்தை முழுதாக ஒருவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் சாப்பிடப் போகிறவராக மட்டும் போங்கள். இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இந்தத் தொழிலில் பெண்களை யாரும் முன்னால் நிறுத்துவதில்லை. உங்களிடமும் தேங்காய் திருவுகிற, காய் நறுக்குகிற அக்காமார் இருப்பார்கள். எது எவ்வளவு மிஞ்சியது, எது வீணானது என்று மனக்கணக்காக வைத்திருப்பது அவர்கள்தான். சரக்கு அறையை அவர்களில் ஒருவரிடம் கொடுங்கள்.

பொறுப்பு கொடுத்தால் சம்பளத்தைக் கூட்டிக் கேட்பார்களே? — துணிக்கடை உரிமையாளர், மார்த்தாண்டம்

கேட்பார்கள். கேட்க வேண்டும். கொடுங்கள்.

உங்கள் ஊருக்குத் தெற்கே தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் படகுகளைப் பாருங்கள். வாரக்கணக்கில் கடலில் கிடக்கிறார்கள். எங்கே போவது, எப்போது திரும்புவது என்பதைக் கரையில் இருக்கும் முதலாளி மணிக்கு மணி சொல்ல முடியாது, படகில் இருப்பவர்தான் முடிவெடுத்தாக வேண்டும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மீதியைத்தான் அங்கே பங்கு வைப்பார்கள். கடலில் முடிவெடுப்பவருக்கு லாபத்திலும் நஷ்டத்திலும் கை இருக்கிறது. கடைக்கு அதையே அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் சேலைப் பகுதியை ஒருவரிடம் ஒப்படைத்தால் அந்தப் பகுதி விற்பனையில் சிறிய பங்கோ, மாதம் ஒரு நிலையான தொகையோ கூடுதலாகக் கொடுக்கலாம். வேலை கூடி பைசா கூடவில்லை என்றால் அந்த ஆள் வளைகுடாவுக்கு விசா விசாரிக்கத் தொடங்கிவிடுவார். நம் மாவட்டத்தில் அதற்கு வழிகாட்ட வீட்டுக்கு ஒரு மைத்துனர் இருக்கிறார்.

குலசேகரம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் ரப்பர் இருக்கிறது. வெட்டுகிறவரிடமே பால் உறைய வைப்பது, ஷீட் அடிப்பது, புகைப்புரை எல்லாவற்றையும் விட்டிருந்தேன். ஒருமுறை ஆசிட் கூடிப்போய் ஷீட் சரியாக வரவில்லை, வியாபாரி தரம் குறைத்துத்தான் எடுத்தார். அதற்குப் பிறகு உறைய வைப்பதை மட்டும் நானே செய்கிறேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இது சரிதானே?

சரியில்லை. “அவரும் ஒன்றும் சொல்லவில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்குக் கவலை தருகிறது. ஒன்றும் சொல்லாத ஆள் இனி புகைப்புரையில் தீ கூடினாலும் சொல்லமாட்டார்.

அன்று என்ன நடந்தது என்று அவரிடம் உட்கார்ந்து கேட்டீர்களா? எங்கள் வீட்டிலும் கொஞ்சம் ரப்பர் உண்டு, அதனால் கேட்கிறேன். ஆசிட்டைத் தண்ணீரில் கலக்க அளவுக் குப்பி வைத்திருந்தீர்களா, அல்லது அவர் கண்ணளவில் ஊற்றினாரா? மழை பெய்து பால் நீர்த்து வந்த நாளா? முந்தின நாள் கெட்டியான பாலுக்குப் போட்ட அளவையே நீர்த்த பாலுக்கும் போட்டால் அது கூடத்தான் செய்யும். அளவு மாற வேண்டும் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா? உறைந்தது இறுகிப்போனால் மெஷினில் இறங்காது, ஷீட் தடிப்பாக நிற்கும், தடித்த ஷீட் புகையில் எத்தனை நாள் கிடந்தாலும் உள்ளே வெள்ளை தெரியும். இந்தக் காரணச் சங்கிலி அவருக்குத் தெரிந்திருந்தால் உறையும்போதே உங்களைக் கூப்பிட்டிருப்பார்.

ஆஸ்பத்திரியில் மருந்து மாறிப்போனால் யார் செய்தது என்பதற்கு முன்னால் எப்படி நடந்தது என்று கேட்க வேண்டும். பொட்டாசியம் குளோரைடு என்று ஒரு ஊசி மருந்து உண்டு. நீர்க்காமல் நேராக ரத்தக் குழாயில் போட்டால் இதயம் நின்றுவிடும். குப்பியோ மற்றக் குப்பிகளைப் போலவே இருக்கும். அதனால் பல ஆஸ்பத்திரிகளில் அதைப் பொது வார்டு அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நர்ஸைத் திட்டுவதால் அந்த ஆபத்து போகாது. குப்பியை அந்த இடத்திலிருந்து எடுத்தால்தான் போகும்.

வேலையை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். அளவுக் குப்பி ஒன்று வாங்கிக் கொடுங்கள். கெட்டிப் பாலுக்கு எவ்வளவு, மழைப் பாலுக்கு எவ்வளவு என்று அவரும் நீங்களும் சேர்ந்து முடிவு செய்து, உறைய வைக்கும் இடத்துச் சுவரிலேயே எழுதிவையுங்கள். எழுதுவது அவர் கையாக இருக்கட்டும். ஒரு வாரம் பக்கத்தில் நின்று பாருங்கள், பிறகு நிற்க வேண்டாம். அன்றைய நஷ்டத்தை அவர் கூலியில் பிடித்திருந்தால் அதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு லாட் ஷீட்டின் விலை வித்தியாசம் அவர் இரண்டு ஏக்கரையும் தன்னுடையதுபோலப் பார்ப்பதைவிடப் பெரியதல்ல.

நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். “உன்னைப் பொறுப்பாக்குகிறேன்” என்று சொல்லி 40 பேருடைய ஜிஎஸ்டி கணக்கை முழுக்க என்னிடம் தந்துவிட்டார். ஆனால் கிளையன்ட்டிடம் நேரடியாகப் பேசக் கூடாது, யாருக்கும் மெயில் அனுப்பக் கூடாது, எல்லாம் அவர் பார்த்த பிறகுதான். தாமதமானால் மட்டும் “நீதானே பொறுப்பு” என்கிறார். — வாசகி, 26 வயது

மகளே, உன்னிடம் வந்திருப்பது சுமை மட்டும். இது அநியாயம் என்று நீ நினைப்பது சரிதான். ஆனால் அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று நான் முடிவு கட்டமாட்டேன். 40 கிளையன்ட்டும் அவருடைய முகத்தைப் பார்த்து வந்தவர்கள். நீ ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லிவிட்டால் போய்விடுவார்களோ என்ற பயம் அவருக்கு இருக்கலாம். பயம் உள்ளவரிடம் நியாயம் பேசி வெல்ல முடியாது. சின்னதாக, திட்டவட்டமாகக் கேள்.

மாதாந்திரக் கணக்குக்கு 11-ஆம் தேதி ஒரு கெடு, 20-ஆம் தேதி ஒரு கெடு என்று உனக்கே தெரியும். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ: “சார், 5-ஆம் தேதிக்குள் பில் அனுப்பாதவர்களுக்கு நினைவூட்ட மட்டும் நானே போன் செய்கிறேன். வரி எவ்வளவு என்றோ வேறு யோசனையோ பேசமாட்டேன். யார் யாரிடம் பேசினேன் என்று மாலையில் உங்களுக்கு எழுதி வைக்கிறேன்.” இதற்கு அவர் சம்மதிக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அவர் பயப்படுகிற இடத்தை நீ தொடவில்லை. இரண்டு மாதம் ஒழுங்காக நடந்தால் அடுத்த படி கேட்கலாம். சம்மதிக்கவில்லை என்றால், அப்போதும் பணிவாக, “அப்படியானால் 5-ஆம் தேதி பில் வராதவர்கள் பட்டியலை உங்கள் மேசையில் வைக்கிறேன் சார், நீங்கள் பேசிவிடுங்கள்” என்று சொல்லி, தேதி போட்டு வைத்துவிடு. பட்டியலின் நகல் உன்னிடம் இருக்கட்டும். அதிகாரம் இல்லாத வேலையில் வருகிற பழியை நீ சுமக்க வேண்டியதில்லை. ஒரு வருடம் பார்த்தும் எதுவும் மாறாவிட்டால் நீ வேறு இடம் தேடுவதில் தப்பே இல்லை.

கருங்கல் பக்கத்தில் மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநராகப் பல வருடமாக இருக்கிறேன். 15 பேர். மாறலாம் என்றால் “நீங்க பார்த்தா போதும் அக்கா” என்று எல்லோரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். எனக்குச் சர்க்கரை வந்து முன்புபோல அலைய முடியவில்லை. விட்டால் குழு கலைந்துவிடுமோ என்று பயம்.

அம்மா, இத்தனை வருடம் 15 வீட்டின் சேமிப்பையும் கடனையும் பார்த்துக்கொண்டீர்கள். அது சின்ன விஷயமில்லை. உங்கள் கடிதத்தில் களைப்புதான் தெரிகிறது.

அவர்கள் ஒதுங்குவது சோம்பலால் இல்லை என்று நினைக்கிறேன். வேலைக்கு அஞ்சுகிற பெண்களா அவர்கள்? விடியும் முன் எழுந்து சமைத்துவைத்துவிட்டு, முந்திரிக்கொட்டை உடைக்கிற அண்டி ஆபீஸுக்கும் தோட்டத்துக்கும் போகிறவர்கள். அஞ்சுவது வேறு. வங்கியில் போய் நிற்க வேண்டும், மேனேஜரிடம் பேச வேண்டும், கையெழுத்துப் போட்டால் நாளைக்கு ஏதாவது வந்துவிடுமோ, கணக்கில் 100 ரூபாய் இடித்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்பதெல்லாம்தான். “யாராவது ஊக்குநர் ஆகுங்கள்” என்று நீங்கள் கேட்கும்போது இத்தனை பயமும் ஒரே மூட்டையாக அவர்கள் முன்னால் விழுகிறது. மூட்டையைப் பிரியுங்கள்.

ஊக்குநரோடு இரண்டு பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்பது நம் குழுக்களின் அமைப்பே. உங்கள் குழுவில் அவர்கள் பெயருக்கு மட்டும் இருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அவர்களிலிருந்து தொடங்குங்கள். ஒருவரிடம் வங்கி, இன்னொருவரிடம் கணக்குப் புத்தகங்கள். மாணவி நர்ஸுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுப்பதுபோல்தான் இதுவும். முதலில் அவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அடுத்த முறை செலானை அவர் நிரப்பட்டும், கவுண்டரில் அவர் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நில்லுங்கள். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம், அங்கேதான் பலரும் கெடுத்துவிடுகிறார்கள். அதற்கடுத்த முறை நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். பிறகு வீட்டிலேயே இருங்கள்.

கணக்கு எழுதத் தெரியாது என்று சொல்பவரை நம்பாதீர்கள். உரித்த அண்டியின் எடையில் 100 கிராம் குறைந்தால் சூப்பர்வைசரோடு வாதாடிச் சரிசெய்கிற பெண்ணுக்குப் பாஸ்புக் கணக்கு வராதா? எழுத்துத்தான் தயக்கம் என்றால் எழுதுவது படித்த இளம் உறுப்பினராகவும், எண்ணிச் சரிபார்ப்பது இவராகவும் இருக்கட்டும். ஒவ்வொரு கூட்ட முடிவிலும் அன்றைய வரவு, கடன், கையிருப்பை எல்லோரும் கேட்க உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், யாரையும் பின்னால் சந்தேகப்பட வேண்டியதில்லை.

தவணை வசூலைக் கடைசியாகக் கொடுங்கள். அதில்தான் உறவு கெடும். பழகாத ஆளிடம் முதலிலேயே அதைக் கொடுத்தால் இரண்டு மாதத்தில் ஓடிவிடுவார். கட்டாத வீட்டுக்கு ஒருவர் தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேர் சேர்ந்துதான் போக வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவையுங்கள்.

நீங்கள் விலகும் மாதத்தையும் அதே புத்தகத்தில் எழுதுங்கள். ஆறு மாதம் தள்ளி ஒரு தேதி போதும். தேதி இல்லாவிட்டால் “இன்னும் கொஞ்ச நாள் அக்கா” என்று இது போய்க்கொண்டே இருக்கும், நீங்களும் மனம் இளகிவிடுவீர்கள். வங்கியில் கையெழுத்து மாற்றத் தீர்மான நகலும் புதியவர்களின் அடையாள அட்டைகளும் கேட்பார்கள். அதற்கு அலைச்சல் உண்டு, எனவே அந்த வேலையை முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். கூட்டம் நீள்கிற நாட்களில் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பையில் இரண்டு மட்டிப் பழமாவது இருக்கட்டும், தலை சுற்றினாலோ வியர்த்தாலோ கூட்டத்தை நிறுத்திவிட்டு உடனே சாப்பிடுங்கள்.